செங்கல்பட்டை எத்தனை மணிக்குத் தாண்டப் போகிறீர்கள்?

தீபாவளி, பொங்கல், முழுப்பரீட்சை லீவு, எது முடிந்தாலும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: "சென்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புதிய?" அதற்குப் பதில் சொல்லும் முன் செங்கல்பட்டை எத்தனை மணிக்குத் தாண்டப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால் கிளம்பும் நேரம் தானாக வந்துவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். நான்குவழிச் சாலைதான் என்றாலும் டோல்கேட், டீ, சாப்பாடு, டீசல் எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் வைக்க வேண்டும். அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் என்றால் இன்னும் முக்கால் மணி கூடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் புறப்படுகிற வண்டி திருச்சியை ஒன்றரை மணிக்குத் தாண்டும். விழுப்புரத்துக்கு நாலேகால், செங்கல்பட்டுக்கு ஆறு, ஆறேகால். தென்மாவட்டத்து ஆம்னி பஸ், அரசு பஸ் எல்லாம் வந்து சேருகிற நேரமும் அதுதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி வண்டலூருக்கு முன்னாலேயே இறங்குகிறது. அதோடு மறைமலை நகர் கம்பெனி பஸ்கள், பள்ளிக்கூட வேன்கள், திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்கள். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை அரை மணி நேரத்தில் போக வேண்டிய 30 கிலோமீட்டரை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் உருட்டிக்கொண்டு போகிறோம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் போய் மாட்டிக்கொள்வதற்கு நம்ம ஊர்க் காரணம் ஒன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் நாலரை முதல் ஆறு வரை. மத்தியானம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை எமகண்டம். அது முடிந்தால் சாப்பாடு, கொஞ்சம் கண் அசருதல், அப்புறம் ராகுகாலம். ஆகவே வாசலில் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான் நகர ஆரம்பிக்கும். நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பார்ப்பார்கள். ஆனால் விடியற்காலை மூன்றரை மணிக்கு எந்தக் கிழமையிலும் ராகுகாலம் கிடையாது. செவ்வாய், புதன் வடக்கே சூலம் என்பதை மட்டும் பெரியவர்களிடம் பேசிச் சரி செய்துகொள்ள வேண்டும்.

"ராத்திரில ரோடு காலியா இருக்கும்லா, வெயிலும் இல்ல" என்பார்கள். ரோடு காலியாக இருப்பதுதான் எனக்குப் பயம். பகல் முழுக்கச் சொந்தக்காரர் வீடு, கோவில் என்று அலைந்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவருக்கு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உடம்பு தன் கணக்கைக் கேட்கும். அந்த நேரத்தில் வண்டி பெரம்பலூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே இருக்கும். நேர் ரோடு, நடுவில் அரளிச்செடி வரிசை, இன்ஜின் சத்தம் ஒரே சீராக. பக்கத்து சீட்டில் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தவரும் தூங்கியிருப்பார். தொழுதூர், வேப்பூர் பக்கத்து டீக்கடைகளில் அப்போது பார்த்தால் தெரியும்: கார் கதவைத் திறந்து போட்டு, குனிந்து, பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நிற்பார்கள். கழுத்து வரை சட்டை நனைந்திருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடியும் ஏறிவிடுவார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இடது ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரி, சொக்குகிற கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் போட நேரம் இருக்காது. டீயும் தண்ணீரும் தூக்கத்துக்கு ஈடாகாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது.

விடியற்காலை மூன்றரையும் இருட்டுதானே என்று கேட்கலாம். இருட்டுதான், ஆனால் ஆறு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கும் விடிய விடிய முழித்திருப்பவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மூன்றரைக்குக் கிளம்பினால் விடியும்போது மதுரை ரிங் ரோடு. விரகனூர் பக்கம் கூட்டம் சேரும் முன் தாண்டி, எட்டு மணிக்குள் திருச்சியையும் தாண்டிவிட வேண்டும். காலைச் சாப்பாடு சமயபுரத்துக்கு அப்பால்தான். பிள்ளைகளும் அதுவரை தூங்கிவிடும். பதினொன்று வாக்கில் விழுப்புரம், ஒரு மணிக்குச் செங்கல்பட்டு, இரண்டு மணிக்குள் தாம்பரம்.

இதற்கான வேலை முதல்நாள் சாயங்காலமே முடிய வேண்டும். அரிசி மூட்டை, வத்தல், பொடி வகைகள், பனங்கிழங்கு எல்லாம் டிக்கியில் ஏறியிருக்க வேண்டும். டீசலும் காற்றும் அன்றைக்கே. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முக்கியமாக, ஓட்டுகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். வழியனுப்ப வந்தவர்களோடு பதினொன்று வரை பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண்.

ஊருக்கு வரும்போதும் இதே நேரம்தான் நல்லது. சென்னையில் மத்தியானம் கிளம்பினால் கூடுவாஞ்சேரி தாண்டவே பொழுது போய்விடும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினாலோ, மதுரைக்குத் தெற்கே மேற்கு வெயில் ஓட்டுகிறவரின் வலது கன்னத்தில் கோவில்பட்டி வரை அடிக்கும். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைப் பக்கம் பக்கவாட்டுக் காற்று சின்னக் கார்களை ஒதுக்கும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு திட்டமிட்டும் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் கூட்டமான நேரத்தில் போய்ச் சேர்ந்தால், எல்லோரும் தாம்பரம் வழியாகவே போக வேண்டியதில்லை. சோழிங்கநல்லூர்க்காரர்கள் செங்கல்பட்டில் வலது பக்கம் திரும்பித் திருப்போரூர் வழியாக ஓ.எம்.ஆர். பிடிக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்களுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் இடது பக்கம் ஒரகடம் ரோடு. பூந்தமல்லி, ஆவடி என்றால் வண்டலூரில் வெளிவட்டச் சாலை.

"திங்கட்கிழமை லீவு கிடைக்காதே" என்பவர்களுக்கு ஞாயிறு விடியற்காலைதான். அதற்கு அம்மாவிடம் ஊருக்கு வந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் "மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கல" என்று நிறுத்திவிடுவார்கள், அதைத் தட்ட யாராலும் முடியாது. முன்னாலேயே சொன்னால் கறிக்குழம்பு சனிக்கிழமை மத்தியானமே அடுப்பில் ஏறிவிடும்.