அண்ணாமலைப் பல்கலை 2013 வரை தனியாரா?

"அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 வரை தனியார், பிறகுதான் அரசுப் பல்கலை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு, முன்பு வாங்கிய பட்டம் செல்லுமா என்று ஒருவர் பதறிக் கேட்கிறார். செல்லும் ஐயா, கலங்க வேண்டாம்.

1929லேயே சென்னை மாகாணச் சட்டத்தின்படி பல்கலை ஆனது அது. அதற்கு முன்பு தனியாராக இருந்தவை கல்லூரிகள்தான்: ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, உ.வே.சா. முதல்வராக இருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதலியவை. எல்லாவற்றையும் பல்கலைக்கே கொடுத்துவிட்டார்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், நிறுவனர் குடும்பத்துக்குப் பழைய சட்டமே இணைவேந்தர் பதவியைக் கொடுத்திருந்தது. துணைவேந்தர் தேர்விலும் அவர்கள் கை இருந்தது. கடும் நிதி நெருக்கடி வந்தபோது, 2013இல் அரசு புதுச் சட்டம் போட்டு அந்த உரிமையை நீக்கி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மாறியது நிர்வாகம். பட்டம் வழங்கும் தகுதி 1929 முதல் அப்படியே இருக்கிறது.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இதைப் படித்துப் பயந்துபோகிறார்கள்.