"தண்ணி வேணுமா?"

ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மாவிடம் பள்ளி மேடம் பேசும் அந்தக் குரல்பதிவை இரண்டு நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும். மூன்று தடவை கேட்டுவிட்டேன். "உங்க பையனைச் சேர்த்துக்கிட்டதே பெரிய விஷயம்மா, ஆண்டு விழா அன்னைக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்று பள்ளி மேடம் சொன்னதுகூட எனக்குப் புதிதில்லை. அதற்கு அந்தத் தாய் "சரிங்க மேடம்" என்றாரே, அந்தக் குரல்தான் என்னைத் தூங்க விடவில்லை. போன வருஷம் வரை என் குரலும் அப்படித்தான் இருந்தது.

இதைக் கேட்ட பிறகும் நம்மைப் போன்ற பெற்றோரே சிலர், "இடமாவது கொடுத்தாங்களே, நன்றி சொல்லணும்" என்கிறார்கள். எதற்கு நன்றி? வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதியதற்கா?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ப்ளே ஸ்கூல் தேடும் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும்போது பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கட்டடம், பாடத்திட்டம், சுவரில் வரைந்த யானை எல்லாம் அப்புறம். வகுப்பு நடக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். "அழுதா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாங்கள் அப்படி எழுந்து வரவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மகனுக்கு அப்போது மூன்றரை வயது. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணுமா?" என்பான். நாங்கள் தண்ணீர் கொடுக்கும்போது அப்படித்தானே கேட்போம், அவனுக்குத் தண்ணீரின் வார்த்தையே அதுதான். சேர்க்கும்போதே இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் கூட்டிவரப் போனபோது டீச்சர் சிரித்த முகமாகச் சொன்னார்: "எவ்வளவு அக்கறையான பையன் மேடம், என்கிட்ட வந்து வந்து தண்ணி வேணுமான்னு கேட்கிறான். எனக்கு வேணாம் கண்ணா, நீ போய் உட்காருன்னு சொன்னேன்."

பையைத் திறந்து பார்த்தேன். காலையில் கழுத்துவரை நிரப்பிய பாட்டில் அப்படியே இருந்தது. வாசலிலேயே மூடியைத் திறந்து கொடுத்தேன். சட்டையெல்லாம் நனைய, மூச்சு விடாமல் குடித்தான். இப்படி எத்தனை நாள் நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1943-ல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது சில குழந்தைகளுக்கு "ஆமாம்" என்று அர்த்தம். 80 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த விஷயம். என் தாளையாவது படித்திருக்கலாம்.

"ஒரு டீச்சர் இருபது குழந்தைகளைப் பார்க்கிறார், அவர் பாவமில்லையா?" என்று கேட்கிறார்கள். பாவம்தான். சம்பளமும் குறைவு, யாரும் பயிற்சியும் கொடுப்பதில்லை. அந்த டீச்சர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க என்ன பயிற்சி வேண்டும்? சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் இந்தக் குழந்தைகளை வேறு மாதிரி தாக்கும் என்பது 2013-லேயே ஆட்டிசத்தைக் கண்டறியும் அமெரிக்க மனநலக் கையேட்டின் அளவுகோல்களில் சேர்ந்துவிட்டது. இன்னமும் "அடம்" என்கிறார்கள்.

"ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போகலாமே?" போகலாம். என் தோழியின் மகள் அங்கே போய்த்தான் சிரிக்கவே ஆரம்பித்தாள். அதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் கைகாட்டாதீர்கள். 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி, சாதாரணப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒத்துக்கொண்டன. அன்று பிறந்த குழந்தைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு ப்ளே ஸ்கூல் தேடுகிறார்கள்.

"மற்ற பெற்றோரும்தானே பணம் கட்டுகிறார்கள்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் மட்டும் என்ன கட்டாமலா இருந்தேன்?

"அம்மா கொடுக்கிற செல்லம்." இதைச் சொன்னவர் எனக்கு ரொம்ப வேண்டியவர், அதனால்தான் இன்னும் வலிக்கிறது. ஒரு காலத்தில் தாய்க்குப் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவர்களே எழுதினார்கள். 1964-ல் அதை மறுத்து எழுதிய உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அன்றைக்குப் பாசம் போதவில்லை, இன்றைக்குப் பாசம் அதிகம். எந்த அளவுக்குப் பாசம் வைத்தால் எங்களை விட்டுவிடுவீர்கள்? இரவு இரண்டு மணிக்கு அவன் எழுந்து நடக்கும்போது கூடவே நடக்கிறேன். அப்போது யாரும் செல்லம் என்று சொல்ல வருவதில்லை. வகுப்புப் போட்டோவில் அவன் இல்லை, அவனுக்குக் கூட்டம் பிடிக்காது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் போட்டோவை வாங்கி வந்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது போகும் இடம் சின்னது. விளையாட்டுச் சாமான்கள் பாதி உடைந்தவை. பார்க்கப் போன அன்று மணி அடித்ததும் இவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். அங்கிருந்த டீச்சர் அவனை இழுக்கவில்லை, "என்னைப் பாரு" என்று முகத்தைத் திருப்பவும் இல்லை. அவரும் குனிந்து அடியில் போய், இவன் வரிசையாக அடுக்கிய கட்டைகளின் கடைசியில் ஒரு கட்டையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். ரொம்ப நேரம். மறுநாளிலிருந்து மணிக்குப் பதில் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறார்கள். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "'தண்ணி வேணுமா'ன்னா அவனுக்கு வேணும்னு அர்த்தமாங்க?" என்று கேட்டார். தாளை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டார்.

குரல்பதிவில் பேசிய அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். அந்த மேடத்திடம் மறுபடி பேசப் போகும்போது கூட ஒரு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.