கட்டைவிரலுக்காகத் தைத்த சீட்டு

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் எல்லாச் சீட்டுக்கும் புது குஷன் போட்டிருந்தார்கள். நீல ரெக்ஸின், நடுவில் வெள்ளைத் தையல், பார்க்க மாப்பிள்ளை வண்டி மாதிரி இருந்தது. ஏப்ரல் பிறக்கவில்லை, அதற்குள் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் அடிப்பலகையில் எத்தனை ஆணி என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நான் எண்ணிவிட்டேன். நான்கு.

காவேரிப்பட்டணத்தில் விடியற்காலை நாலே முக்காலுக்கு ஏறுகிறேன். கிருஷ்ணகிரியில் நின்று, குருபரப்பள்ளியில் நின்று, சூளகிரியில் நின்று, ஓசூர் சிப்காட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். திரும்ப ஒன்றரை. ஆறு நாள் வேலை. வாரத்துக்கு 18 மணி நேரம் அந்த நான்கு ஆணிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். கிருஷ்ணகிரியில் ஏறும் அக்கா ஒருவர் பழைய புடவையை எட்டாக மடித்துப் பையில் கொண்டுவருகிறார். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டுக்காரர் கால்மிதியே எடுத்து வருகிறார். புது குஷன் போட்ட பஸ்ஸுக்கு!

முதுகு வலி எல்லோருக்கும்தான். எனக்கு மட்டும் கூடுதலாக வயிறும் எரிகிறது. ஏனென்றால், ஒன்றரை மணி நேரம் பலகையில் உட்கார்ந்து போய் நான் செய்யும் வேலையே கார் சீட்டுக்கு ஃபோம் வார்ப்பதுதான்.

அதை எவ்வளவு பத்திரமாகச் செய்கிறோம் என்று கேளுங்கள். ஒரு தொட்டியில் பாலியால் என்ற திரவம். விளக்கெண்ணெய் போலக் கெட்டியானது. அதிலேயே தண்ணீர், சிலிகோன், அமீன் எல்லாம் அளந்து கலந்திருக்கும். இன்னொரு தொட்டியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம். இரண்டும் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒன்றோடொன்று மோதிக் கலந்து, ரோபோ கை வழியாக, 60 டிகிரி சூட்டில் காத்திருக்கும் அச்சுக்குள் இறங்கும். ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு பிறக்கும். உங்கள் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைக்கிறதே, அதே வாயு. மாவுக்கு ஓர் இரவு வேண்டும். இதற்குச் சில நொடிகள் போதும். மூடியைப் பூட்டி ஐந்து நிமிடம் பொறுத்துத் திறந்தால், ஓரம் வளைவு பள்ளம் எல்லாம் அமைந்த முழு சீட் வெளியே வரும். இட்லித் துணியை நனைக்க மறந்தால் என்ன ஆகுமோ, அச்சுக்கு மெழுகுக் கரைசல் அடிக்க மறந்தாலும் அதுதான் ஆகும். எடுத்த சூட்டோடு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குவோம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், “ஐயோ, நல்ல குஷனை ஏன் நசுக்குகிறீர்கள்?” என்று பதறுவார்கள். நசுக்கி உள்ளே இருக்கும் குமிழ்களின் சவ்வை உடைக்காவிட்டால், வாயு ஆறியதும் மொத்த சீட்டும் வற்றல் போட்ட நெல்லிக்காய் போலச் சுருங்கிவிடும்.

இவ்வளவும் முடிந்து பரிசோதனை மேசைக்குப் போனால், மூலையில் மிளகு அளவுக்கு ஒரு குழி இருக்கிறது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அந்தத் தள்ளுபடி சீட் ஒன்றை எங்கள் பஸ்ஸில் வைத்தால் அது சிம்மாசனம். வைக்க முடியாது, வாசலில் சோதனை உண்டு. அது நேராகக் கழிவுக் கிடங்குக்குப் போகிறது.

மார்ச் கடைசியில், தையல் பிரிந்த ஓரமாக என் சீட்டுக்குள் கையை விட்டேன். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அந்தக் கதைதான். மேலே ஓர் அங்குலத்துக்கு வெள்ளை ஃபோம், குழந்தை கன்னம் போல மென்மை. அதற்குக் கீழே மஞ்சள் ஃபோம், ஒரே துண்டு கூட இல்லை, வெட்டிய மீதிகளைப் பசை போட்டு ஒட்டியது. அடியில் பலகையை ஒட்டி, பாண்டட் என்று சொல்வார்களே, தூள் தூளாக அரைத்த கழிவு ஃபோமைப் பசையில் பிசைந்து அழுத்திய பட்டை. பாகில் ஒட்டிய கடலை மிட்டாய் போல நீலம், சாம்பல், வெள்ளை எல்லாம் தெரிந்தது. அந்தச் சாம்பல் நிறம் எனக்குக் கொஞ்சம் பழகிய நிறம். மிளகு அளவுக் குழிக்காகச் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிய என் சீட்டுகளில் ஒன்றுதான் அரைபட்டுத் திரும்பி வந்து என் கீழேயே கிடக்கிறதோ என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மஞ்சள் ஃபோமில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து, தடிமன் ஐந்து என்று ஒரு துண்டு அறுத்துக்கொண்டேன். (பஸ் சொத்தைச் சேதப்படுத்தியதாக யாராவது கிளம்பினால், வாருங்கள், பேசுவோம்.) எங்கள் பிரிவு மேற்பார்வையாளரிடம் கேட்டு, அதே அளவில் எங்கள் கழிவுத் துண்டு ஒன்றும் வாங்கிக்கொண்டேன். ஊரில் கிராமை நம்பி நிறுக்கக்கூடிய தராசு நகை அடகுக் கடையில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துண்டு பஞ்சை வைக்கச் சொன்ன என்னை அந்தக் கடைக்காரர் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

பஸ் துண்டு 9 கிராம். எங்கள் துண்டு 26 கிராம்.

கணக்கு எளிது. அந்த அளவு அரை லிட்டர் கொள்ளளவு. கிராமை இரண்டால் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். இதைத்தான் டென்சிட்டி என்கிறார்கள். பஸ்ஸுக்கு 18. எங்களுக்கு 52. காரில் வாரத்துக்கு இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவருக்கு 52. தினமும் மூன்று மணி நேரம் உட்காரும் ஐம்பது பேருக்கு 18. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு பொருளை யாரோ தின்றுவிட்டு, அந்த இடத்தில் காற்றை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

“புதிதாகப் போட்டபோது நன்றாகத்தானே இருந்தது?” என்று பஸ் முதலாளியின் ஆள் கேட்கிறார். ஆமாம் ஐயா, நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் எப்படிப் பார்த்து வாங்கினீர்கள்? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்கள். மெத்தென்று உள்ளே போனது, சட்டென்று மேலே வந்தது. “சூப்பர்” என்றீர்கள். பணத்தைக் கொடுத்தீர்கள்.

இந்தக் கட்டைவிரல்தான் எனக்கு எதிரி. கட்டைவிரல் அறிவது மென்மையை; அது டென்சிட்டியை அறியாது. 18 டென்சிட்டியில் கல் மாதிரியும் ஃபோம் செய்யலாம், பூ மாதிரியும் செய்யலாம். சோதனைக் கூடத்தில் 8 அங்குல வட்டத் தட்டை வைத்து ஃபோமை அழுத்துவார்கள். தடிமனில் 25 விழுக்காடு அமுங்க எவ்வளவு பாரம் வேண்டும், 65 விழுக்காடு அமுங்க எவ்வளவு வேண்டும் என்று இரண்டையும் பார்ப்பார்கள். நல்ல சீட் ஃபோமில் இரண்டாவது பாரம் முதல் பாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கும். தொட்டால் இளகும், உட்கார்ந்தால் தாங்கும். கடையில் அழுத்தும் கட்டைவிரல் அந்த 25-ஐத் தாண்டுவதே இல்லை. எழுபது கிலோ உடம்பும், பள்ளத்தில் விழும் பஸ்ஸும் சேர்ந்து போய் நிற்பது 65-ஐயும் தாண்டி. எங்கள் சீட்டில் அந்த இடத்தில் ஆணிதான் இருக்கிறது.

மாம்பழ ஊர்க்காரர்கள் நாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் மேலே மஞ்சளாகத் தகதகக்கும், உள்ளே புளிக்கும் என்று இந்த மாவட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். காம்பு பக்கம் முகர்ந்து பார்க்காமல் ஒரு பழம் வாங்க மாட்டோம். ஐம்பது சீட்டுக்குப் பணம் கொடுக்கும்போது மட்டும் நிறத்தைப் பார்த்து மயங்குவோமாம்.

சரி, இனிமேல் எடை போட்டு வாங்குங்கள் என்று சொல்லலாம் என்றால், அதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். கலவையில் சுண்ணாம்புத் தூளைப் போட்டால் எடை ஏறும். தாங்கும் சக்தி ஏறாது. சீக்கிரம் பொடிந்து கிழியும். அப்படிப்பட்ட ஃபோமைக் கறுப்பு ரெக்ஸின் மேல் வைத்துத் தேய்த்தால் சில சமயம் திருநீறு பூசியது போல வெள்ளையாக ஒட்டும். அரிசியில் கல் போட்ட கை சும்மா இருக்குமா?

வெயிலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஃபோம் நிரந்தரமாக அமுங்கிப் போகுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தடிமனைப் பாதியாக நசுக்கி, 70 டிகிரி சூட்டில் 22 மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, எவ்வளவு எழுந்து வருகிறது என்று அளப்பார்கள். எங்கள் பஸ் பகல் முழுவதும் கண்ணாடி சாத்தி, நிழலில்லாத வெட்டவெளியில் நிற்கிறது. உள்ளே ரெக்ஸின் கைபட முடியாமல் கொதிக்கிறது. வேலை முடிந்து அந்தச் சூட்டின் மேல் ஐம்பது பேர் உட்கார்ந்து நசுக்குகிறோம். சோதனைக் கூடம் கேட்கிற சூடும் பாரமும் தினமும் நடக்கிறது, அளக்கத்தான் ஆளில்லை. மழைக்காலம் இன்னொரு கூத்து. ஊசி போட்ட ஓட்டையெல்லாம் தண்ணீர் குடிக்கும். மேலே துடைத்தால் காய்ந்தது போல இருக்கும். உட்கார்ந்ததும் உள்ளிருந்து ஊறி வந்து பேன்ட்டை நனைக்கும். வாகனத்தின் உள்ளே போடும் பொருளில் தீ நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது என்று ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. ஒட்டுத் துண்டு குஷனுக்கு அந்தச் சோதனையைச் செய்தது யார் என்று கேட்டேன். “நீங்கள் ஏன் காலையிலேயே தீ, விபத்து என்று பேசுகிறீர்கள்?” என்று டிரைவர் அண்ணன் வருத்தப்பட்டார். அவரை விட்டுவிட்டேன். அவருடைய சீட் எங்களுடையதைவிட மோசம்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். போக்குவரத்தைக் கவனிக்கும் தம்பி கணினியைத் திருப்பி ஒரு படம் காட்டினார். ஜனவரியில் எடுத்தது. நீல ரெக்ஸின், வெள்ளைத் தையல். “இதோ பாருங்கள் அண்ணா, எல்லாம் புதிது. மூன்று மாதம்தான் ஆகிறது.” நான் பையிலிருந்து இரண்டு ஃபோம் துண்டுகளையும் எடுத்து மேசையில் வைத்து, கையில் தூக்கிப் பாருங்கள் என்றேன். அவர் தூக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு பஸ் துண்டைக் காட்டி, “இதுதானே அண்ணா மெதுவாக இருக்கிறது?” என்றார்.

அதன் பிறகும் விடாமல், குஷன் தைத்த பட்டறையைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அறுபது வயதுப் பெரியவர், வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஒரு டிராக்டர் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். துண்டை நீட்டியதும் வாங்கி, அழுத்தாமல், உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை எடை பார்த்தார். கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

“என் வேலைதான் தம்பி. பதினெட்டுப் பஞ்சு” என்றார்.

தெரிந்தே எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“கார் வைத்திருப்பவர் வந்தால் என்ன டென்சிட்டி என்று கேட்பார். பஸ் வைத்திருப்பவர் என்ன கலர் என்று கேட்பார். சீட்டுக்கு இவ்வளவுதான் என்று முன்னாடியே தொகையைச் சொல்லிவிட்டார்கள். அதில் ரெக்ஸின், நூல், கூலி போக மிச்சத்துக்கு இதுதான் வரும். அந்தக் காலத்தில் ஸ்பிரிங் வைத்து, மேலே ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார் மெத்தை போட்டுத் தைப்போம். குத்தும்தான். ஆனால் இப்படித் தரையோடு தரையாகப் படுக்காது.”

நல்ல ஃபோம் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையைச் சீட்டுக்குச் சீட்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீக்காசு கூட வரவில்லை. ஒன்றிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டாலே அப்படி. நான்கைந்து வருடம் உழைக்கும் பொருள் அது.

அதை எழுதி, ஐம்பது பேரிடமும் கையெழுத்து வாங்கி, இரண்டு ஃபோம் துண்டுகளையும் மனுவோடு நூல் கட்டிக் கொடுத்தோம். எடை, அளவு, கணக்கு எல்லாம் எழுதியிருந்தேன். பதினைந்து நாள் கழித்து, நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

நேற்று விடியற்காலை பஸ் வந்தது. எல்லாச் சீட்டுக்கும் புது உறை. இந்த முறை மெரூன் நிறம், மஞ்சள் தையல், தலை படும் இடத்தில் வெள்ளைத் துணி. கிருஷ்ணகிரி அக்கா ஏறியதும் மடித்த புடவையைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சீட்டை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பின்சக்கரத்துச் சீட்டுக்காரரும் அழுத்திப் பார்த்தார். விளக்கு அணைவதற்குள் நானும் அழுத்திப் பார்த்தேன்.

மெத்தென்றுதான் இருந்தது.