முதல் வரியில் எதை எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூலை மாத மாலையில், என் வகுப்பில் பிளஸ் டூ முடித்திருந்த மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் வீட்டுக்கு வந்தாள். கையில் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தற்காலிக ஒதுக்கீட்டு ஆணை இருந்தது. பொறியியல் கலந்தாய்வில் அவளுக்குப் பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு கிடைத்திருந்தது. அவளது கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்காக 200க்குக் கணக்கிடும் மதிப்பெண், 178.5. அவளுடன் படித்த, அவளது இடஒதுக்கீட்டுப் பிரிவையே சேர்ந்த மாணவன் ஒருவனுடைய கட்-ஆஃப் 177. அவனுக்கு அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் அதே எலக்ட்ரானிக்ஸ் கிடைத்திருந்தது.

“சார், அவன் என்னைவிடக் கம்மி. அவனுக்கு எப்படி சார் அது கிடைச்சுது?” என்று கேட்டாள்.

அவள் கொடுத்திருந்த விருப்பப் பட்டியலைக் கைபேசியில் திறந்து பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு வரிகள். முதல் வரியில் அந்தத் தனியார் கல்லூரி. அவள் விரும்பிய அரசுக் கல்லூரி ஏழாவது வரியில். ஏன் அதைக் கீழே போட்டாய் என்று கேட்டபோது, “அது உனக்குக் கிடைக்காது, கிடைக்கிறத மொதல்ல போட்டாத்தான் சீட்டு உறுதின்னு அந்தக் கடை அண்ணன் சொன்னாரு சார்” என்றாள். அவளுடைய தந்தை, “அவரு வருசா வருசம் போட்டுக் கொடுக்கிறவருங்க, நாங்க என்னத்தக் கண்டோம்” என்றார். அதற்குமேல் இருவரும் எதுவும் பேசவில்லை. நான்தான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்த மாலைக்குப் பிறகு, கல்லூரிச் சேர்க்கைக்குத் தயாராவது என்பதைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தானாக நடப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து படித்துச் சேர்த்த மதிப்பெண்ணை, விருப்பப் பட்டியல் எழுதும் மூன்று நாள் அவசரத்தில், யாரோ ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்தால் பிள்ளைகள் இழக்கிறார்கள். இதைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கலந்தாய்வு மென்பொருள் செய்யும் வேலை மிக எளியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்டு உருவாகும் தரவரிசையில் முன்னால் இருப்பவரை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் வரியில் உள்ள கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், அவருக்குத் தகுதியுள்ள இடம் மீதமிருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. இல்லையென்றால் இரண்டாவது வரிக்கு இறங்குகிறது, பிறகு மூன்றாவது வரிக்கு. ஆகவே, கிடைக்காத கல்லூரியை முதல் வரியில் எழுதியதற்காக யாருக்கும் எந்த நட்டமும் வராது. மென்பொருள் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்கு வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் எளிதில் கிடைக்கக்கூடிய கல்லூரியை மேலே எழுதிவிட்டால், மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் எதை எழுதியிருந்தாலும் அதைப் பார்க்காது.

என் மாணவிக்கு நேர்ந்தது இதுதான். ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பங்களில் ஏதாவது காலியானால் நகர்ந்துகொள்வதற்குக் கலந்தாய்வில் ஒரு வாய்ப்பு உண்டு. அதையும் அவளால் பயன்படுத்த முடியவில்லை. அவளுக்குக் கிடைத்ததே முதல் விருப்பம் என்பதால், நகர்வதற்கு மேலே வரியே இல்லை. வேண்டாம் என்று மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்றால், அவள் விரும்பிய இடம் அதற்குள் நிரம்பிவிட்டிருந்தது. தன்னிடம் இருந்த 178.5ஐ அவள் செலவழித்துவிட்டாள், அது என்ன விலை பெறும் என்று தெரியாமலேயே.

அந்தக் கடைக்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருடைய அறிவுரை ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்ததுதான். 2018க்கு முன்பு, கலந்தாய்வுக்காக மாணவர்கள் பெற்றோருடன் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போனார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். தன் முறை வந்ததும் உள்ளே போய், இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆணையுடன் வெளியே வரலாம். அங்கே, கிடைக்கிறதைப் பிடித்துக்கொள் என்பதே நடைமுறை அறிவு. 2018இல் எல்லாம் இணையவழிக்கு மாறியது. திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடத்தில், எதுவும் தெரியாத நிலையில் முன்கூட்டியே பட்டியல் எழுத வேண்டியதாயிற்று. முறை மாறிய அளவுக்கு அறிவுரை மாறவில்லை. பழைய கலந்தாய்வின் பழக்கத்தை வைத்துக்கொண்டு இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் புதிய கலந்தாய்வை எதிர்கொள்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. ஆசைப்பட்ட ஏழெட்டுக் கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு, கீழே பாதுகாப்புக்கு எதுவும் எழுதாமல் விட்டு, எதுவுமே ஒதுக்கீடாகாமல் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கலந்தாய்வில் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியல் நீளமாக இருப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. மனம் விரும்பும் வரிசையில், ஐம்பது அறுபது வரிகள் வரைக்கும்கூட எழுதலாம்.

ஆனால் அறுபது வரிகளை மனம் விரும்பும் வரிசையில் எழுத மூன்று நாள் போதாது. அந்தப் படிப்பு என்ன சொல்லிக்கொடுக்கிறது, அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது, விடுதி உண்டா, முந்தைய ஆண்டில் நம் பிரிவில் எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்பவற்றையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் ஒரு கல்லூரிக்கு மேல் இன்னொன்றை வைக்க முடியும். வீட்டிலும் பேச வேண்டியிருக்கிறது. மகளை வெளியூர் விடுதியில் விட அப்பாவுக்குச் சம்மதமா என்பது ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு பேசுகிற விஷயமில்லை. அப்படிப் பேசத் தொடங்கி, கிடைத்த நல்ல இடத்தை அழுதுகொண்டே விட்டுக்கொடுத்த பெண்கள் என் வகுப்பிலேயே மூன்று பேர். பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையில் இந்தப் பேச்சு நடந்திருந்தால், அந்த மூன்று வீடுகளில் ஒன்றிலாவது முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வர வேண்டும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் மாவட்டம் முழுவதும் அதே மேசைகளின் முன் நிற்கிறது. இதைவிட முக்கியமானது பெயர். பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது முதலெழுத்தையும் பெற்றோர் பெயரையும் ஆதாருடனும் சாதிச் சான்றிதழுடனும் ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று ஐந்து நிமிடத்தில் முடிகிற திருத்தத்துக்கு, மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு பல மாதம் அலைய வேண்டியிருக்கும்.

மே மாதத்தில் விழித்துக்கொள்பவர்கள் ஏற்கெனவே இழந்துவிட்டவை வேறு இருக்கின்றன. மத்திய அரசின் பொறியியல் கல்வி நிறுவனமான திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியவை. என் வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் நம்பாமல் பார்க்கிறார்கள். அதற்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வந்துவிடுகிறது. 2021 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். கடினமான தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதித் தோற்பது வேறு. இருப்பதே தெரியாமல் விண்ணப்பத் தேதியைத் தாண்டிப் போவது வேறு. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் செல்லாது. அங்கே கேட்பது ஓபிசி, கிரீமி லேயர் அல்லாதோர், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவைச் சேராதவர் என்ற தனிச் சான்றிதழ். கலந்தாய்வில் காட்டும்போது அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், இடஒதுக்கீட்டுக்கு முழுத் தகுதியுள்ள பிள்ளையும் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. என் பணிக்காலத்தில் பார்த்த மிகப் பெரிய நல்ல மாற்றம் இது என்று தயங்காமல் சொல்வேன். அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுகிறவருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மேலே சொன்ன மாணவி, ஆறு முதல் எட்டு வரை பாட்டி வீட்டில் தங்கி, அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் படித்தவள். அதனால் அவளுக்கு அது பொருந்தவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், பெரும்பாலும் சொல்வதில்லை.

நாங்கள் என்று எழுதும்போது என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். மேற்படிப்பு வழிகாட்டலுக்கு என்று பள்ளிகளில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கிய பிறகு அதற்கான கையேடும் பயிற்சியும்கூட வந்தன. அந்தப் பாடவேளையை, வகைக்கெழுச் சமன்பாடு இன்னும் முடியவில்லை என்று சொல்லிக் கணக்குக்காகப் பலமுறை வாங்கிக்கொண்டவன் நான். கூடுதலாக இரண்டு மதிப்பெண் எடுக்கவைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 178.5க்கும் 177க்கும் இடையே இருப்பது ஒன்றரை மதிப்பெண்தான். அதை அவளுக்கு வாங்கிக்கொடுத்ததும் அதனால் ஒரு பயனும் இல்லாமல் போகவிட்டதும் ஒரே ஆசிரியர்.

அதற்குப் பிறகு அந்தப் பாடவேளையை நான் தொடுவதில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் வாரத்தில் ஒவ்வொருவரையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்கிறேன். முதல் பக்கத்தில், கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்ற நினைப்பே இல்லாமல், படிக்க ஆசைப்படும் இடத்தை மட்டும் எழுதச் சொல்வேன். இதற்கே பலருக்குக் கை வராது. “சார், நமக்கெல்லாம் அது கிடைக்குமா” என்பார்கள். கிடைக்குமா என்று பார்ப்பது மென்பொருளின் வேலை, நீ உன் வேலையைப் பார் என்பேன். மார்ச் வரைக்கும் அந்த நோட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும். அப்பா அடிப்பார், அண்ணன் சேர்ப்பார், மறுபடி எழுதுவார்கள். பொறியியலை விட்டுவிட்டு அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் என்று ஒருவன் முதல் வரியை மாற்றினான். அங்கே சேர்க்கையும் விண்ணப்பமும் முற்றிலும் வேறு என்பதை ஜனவரியிலேயே தெரிந்துகொண்டான். தேர்வு முடிவு வரும்போது எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். கணினியில் ஏற்றும்போது அருகில் யார் உட்கார்ந்தாலும் வரிசையை மாற்றக் கூடாது என்றும், கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதவைக்கிறேன். சில கல்லூரிகளுக்காக ஆள் பிடிப்பவர்கள், நானே போட்டுத் தருகிறேன் தம்பி என்று வீட்டுக்கே வருகிறார்கள்.

இது என் ஒரு வகுப்பில் நடக்கிறது. எல்லாப் பள்ளியிலும் நடக்கக் கல்வித் துறை ஒன்று செய்யலாம் என்று தோன்றுகிறது. ஜனவரியில் ஒரு மாதிரிக் கலந்தாய்வு நடத்த வேண்டும். அரையாண்டு மதிப்பெண்ணை வைத்தே ஒரு தரவரிசை, ஒரு விருப்பப் பட்டியல், ஒரு பொய் ஒதுக்கீடு. ஏழாவது வரியில் போட்ட கல்லூரி தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவனுக்குப் போவதை ஒரு பிள்ளை ஜனவரியில் ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால், ஜூலையில் யார் என்ன சொன்னாலும் அந்தத் தவறைச் செய்யாது. இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகள் இருக்கின்றன, இணையம் இருக்கிறது, சனிக்கிழமை மதியங்களில் அந்த அறை பூட்டியே கிடக்கிறது. சாவி தலைமையாசிரியர் அறையில்தான் இருக்கிறது. வருகிற ஜனவரியில், துறை நடத்தினாலும் நடத்தாவிட்டாலும், அதைக் கேட்டு வாங்கப்போகிறேன்.