சந்தேகத்துக்கும் கடப்பிதழ் உண்டு

2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் திடல்தட வெற்றியாளர் போட்டியில், திருச்சிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த இரவு, எங்கள் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு உறங்கவேயில்லை. இரண்டாவதாக வந்தவர் ஒரு சீன வீராங்கனை. "மருந்து சாப்பிட்டு ஓடுகிறவர்களையே நம் பெண் தோற்கடித்துவிட்டாள்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு முதல் ஆளாகக் கட்டைவிரல் உயர்த்தியவன் நான். அந்தச் சீனப் பெண்மீது எந்தக் குற்றச்சாட்டும் இருக்கவில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை.

அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. கோமதியின் மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்ற, தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு சார்ந்த தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததாக உறுதிசெய்யப்பட்டு, பதக்கம் பறிக்கப்பட்டது. 4 ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றே அவர் சொல்லிவந்தார். ஆனால் உடலில் பொருள் இருந்தால் பொறுப்பு ஓடியவருடையது என்பதுதான் விதி. எங்கள் குழுவில் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சந்தேகப்படுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சோதனையில் சிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தூயவர் என்று நம்புவதற்கு இந்த விளையாட்டின் வரலாறு இடம்கொடுக்கவில்லை. சிட்னியில் 2000ஆம் ஆண்டில் 5 பதக்கங்கள் வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் மரியன் ஜோன்ஸ், தம் சோதனை முடிவுகளையே பல ஆண்டுகள் கேடயமாகப் பிடித்திருந்தார். 2007இல் அவரே ஒப்புக்கொண்டார். அவர் பயன்படுத்திய டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டைக் கண்டறியும் வழி, 2003இல் பயிற்றுநர் ஒருவர் அந்தப் பொருள் ஒட்டியிருந்த ஊசி ஒன்றை அனுப்பிவைக்கும்வரை எந்த ஆய்வகத்திடமும் இல்லை. கிழக்கு ஜெர்மனியிலோ அரசே திட்டம் போட்டு வீராங்கனைகளுக்கு மருந்து கொடுத்தது.

நம் சிங்கப்பூரின் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய, 33 ஆண்டுகள் நிலைத்த தேசியச் சாதனையைப் படைத்த 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் கோடைக்கால ஒலிம்பிக்கின் ஊக்கமருந்துச் சோதனைகள் தொடங்கின. அங்கே முதலில் பிடிபட்டவர் பீர் குடித்திருந்த ஒரு சுவீடன்காரர். ஸ்டீராய்டுக்கான சோதனை வர 1976 ஆயிற்று. வலையைவிட மீன் எப்போதும் ஓரடி முன்னால்தான் நீந்தியிருக்கிறது.

என்னை உறுத்துவது, நம் சந்தேகம் ஆள் பார்த்து, நாடு பார்த்து எழுவதுதான். 1988 சோல் ஒலிம்பிக் என்றவுடன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, ஸ்டானோசோலோல் என்ற ஸ்டீராய்டால் வீழ்ந்த கனடாவின் பென் ஜான்சனை எல்லாரும் நினைவுகூர்கிறோம். அவரிடமிருந்து பறித்த தங்கத்தைப் பெற்ற கார்ல் லூயிஸ், அதே ஆண்டு அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் தடைசெய்யப்பட்ட ஊக்கிகளுக்கான சோதனையில் சிக்கி, தெரியாமல் உட்கொண்டதாகக் கூறியது ஏற்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர் என்பது 2003இல்தான் வெளியே வந்தது. அதை எத்தனை பேர் பேசுகிறோம்?

2009 முதல் நடப்பிலுள்ள உயிரியல் கடப்பிதழ் முறை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். அது ஒருவரின் இரத்த அளவுகளைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து, அவரை அவரோடேயே ஒப்பிடுகிறது, தாய்மொழியைக் கேட்பதில்லை. முன்னணி வீரர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதங்களில் 3 முறை தவறினால் அதுவே குற்றம். ஆனால், மாதிரியைக் கையாள்பவர்களே கள்ளத்துக்கு உடந்தையானால் என்ன ஆகும் என்பதை 2015இல் ரஷ்யா காட்டிவிட்டது. ஆகவே சந்தேகத்தை ஓட்டக்காரர்களோடு நிறுத்தாமல், பயிற்றுநர்கள், மருத்துவர்கள், சங்கங்கள் பக்கமும் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். தண்டனைக் காலத்தை வீட்டில் கழிப்பவர் பெரும்பாலும் ஓடியவர் மட்டுமே.

தோஹாவில் அன்று இரண்டாம் படியில் நின்று இன்னொரு நாட்டின் தேசிய கீதத்தைக் கேட்டவர், தோக்கியோ ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிச் சுற்றில் ஐந்தாவதாக வந்தார். தங்கம் அவர் பெயருக்கு மாற்றப்பட்டதை எங்கள் குழுவில் ஒருவரும் குறிப்பிடவில்லை, நான் உட்பட. அவர் பெயர் வாங் சுன்யு.