யாருடைய சராசரி?

நாட்டில் சராசரிச் சம்பளம் ஏறுகிறது என்கிறது உங்கள் கட்டுரை. சரி, யாருக்கு ஏறியது? எட்டுப் பேர் சம்பளம் அப்படியே கிடந்தாலும் இரண்டு பேருடையது எகிறினால் சராசரி ஏறத்தான் செய்யும்.

நான் வடசென்னைத் திருவொற்றியூர்க்காரன். எங்கள் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே ஷிப்ட்டில், ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் கான்ட்ராக்ட். சட்டை நிறமே வேறு. நிரந்தரத்தில் இருப்பவர் வாங்குவதில் பாதிகூட கான்ட்ராக்ட்காரர் கைக்கு வருவதில்லை. பி.எஃப். கட்டினீர்களா என்று கேட்டால், ஏஜென்ட்டைப் போய்க் கேள் என்கிறார்கள். இத்தனைக்கும், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது 1971ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளிலேயே எழுதப்பட்டது. அமல்படுத்தத்தான் ஆள் இல்லை.

1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் கட்டிய மண் இது. மில் 1996இல் மூடியது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பைக்கில் உணவு டெலிவரி செய்கிறார்கள். பெட்ரோல் செலவும் அவர்கள் கைக்காசுதான். அதைக் கழித்துவிட்டா வருமானம் கணக்கிடுகிறீர்கள்? அடுத்த முறை நிரந்தரம், கான்ட்ராக்ட், டெலிவரி என்று சராசரியைத் தனித்தனியாகப் போடுங்கள், ஐயா.