லோங்காங்கில் ஊற்றிவிட்டு மிச்சம் என்கிறீர்களே!

மண்ணில்லாமல், உரம் கலந்த நீர்க்கரைசலில் கீரை வளர்க்கும் (ஹைட்ரோபோனிக்ஸ்) ஒருவரின் காணொளி சுற்றுகிறது. அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். "மண்ணே வேண்டாம், தண்ணீர் மிச்சம்" என்று ஆரம்பித்து, கடைசியில் தொட்டியை அப்படியே வடிகாலில், அதாவது லோங்காங்கில், கவிழ்க்கிறார். கீழே வரிசையாக இதயக்குறிகள்.

உள்ளே விட்ட தண்ணீரை மட்டும் எண்ணாதீர்கள் ஐயா. வெளியே விட்டதையும் எண்ணுங்கள்.

கீரைவகைகளுக்கான கரைசலில் லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் நைட்ரஜனும் 30 மில்லிகிராம் பாஸ்பரசும் இருக்கும். 1,000 லிட்டர் தொட்டியில் 30 கிராம் பாஸ்பரஸ். நீர்த்தேக்கத்தில் பாசி பெருக லிட்டருக்கு 0.03 மில்லிகிராமே போதும். ஆயிரம் மடங்கு தண்ணீரில் கரைத்தாலும் பாசிக்கு விருந்துதான். நம் சிங்கப்பூர்த் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. லோங்காங்கில் ஓடுவதில் பெரும்பகுதி சுற்றி வந்து நம் குழாயில்தான் விழுகிறது.

"நம்ம வீட்டுத் தொட்டி 40 லிட்டர், அதுக்குமா?" 1.2 கிராம்தான், சரி. உங்கள் புளோக்கில் எத்தனை வீடு?

"கரைசலை மாற்றாவிட்டால் செடி செத்துவிடும்." இது நியாயமான கேள்வி. குழாய்நீரில் உள்ள சோடியத்தையும் குளோரைடையும் செடி அதிகம் எடுப்பதில்லை. நீரை ஊற்ற ஊற்ற அவை சேர்ந்துகொண்டே போகும். கரைசலின் மின்கடத்துத்திறனை (ஈசி) வைத்து, கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டும் ஈசி மீட்டருக்கு உப்பு எது, உணவு எது என்று தெரியாது. 1.6 என்று சரியாகவே காட்டும், இலையோ மஞ்சளாகும். அதனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அறுவடைக்கு நான்கைந்து நாள் முன்பே உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மிச்சச் சத்தைச் செடியே உறிஞ்சிக்கொள்ளும், இலையில் தேங்கும் நைட்ரேட்டும் குறையும். ஈசி 0.6 பக்கம் இறங்கியதும் அந்த நீரை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து பாண்டானுக்கும் கறிவேப்பிலைக்கும் விடுங்கள். அதற்கும் மிஞ்சினால் குளியலறைத் துளையில் ஊற்றுங்கள், அது கழிவுநீர்க் குழாய்க்குப் போகும், சுத்திகரிக்கப்படும். நடைபாதைத் துளை வேண்டாம், அது மழைநீருக்கு. பண்ணை நடத்துபவர்கள் கழிவுநீர்க் குழாயில் விடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

"மண் பண்ணை மட்டும் யோக்கியமா?" இல்லை. கோழி எருவை அளவில்லாமல் கொட்டி, மறுநாள் மழையில் கரையவிட்டால் அதே கதைதான். மழைக்கூரை இல்லாத பாத்தியில் எருவைச் சிறிது சிறிதாகத்தான் போட வேண்டும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பொங்கோலில் பன்றி வளர்த்தவர்களை 1980களில் எழுப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பன்றிக்கழிவு நீர்நிலைகளைக் கெடுக்கிறது என்பது. காரணம் சரிதான். பிழைப்பையே விட்டுப் போனார்கள். அவர்கள் வடிகாலில் விட்டால் மாசு, நீலவிளக்கு எரியும் உள்ளரங்கப் பண்ணையிலிருந்து விட்டால் தொழில்நுட்பமா?

"பொறாமை" என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்முன் உங்கள் தொட்டியின் கொள்ளளவு, கடைசியாகக் கவிழ்த்த அன்று ஈசி எவ்வளவு, எந்தத் துளையில் ஊற்றினீர்கள், இந்த மூன்றையும் முதல் வரியில் போடுங்கள்.